என் முகத்தைத் திருடிய புரதம்

முதலில் போனது மணம். யாழ்ப்பாணத்து நீர்வேலியில் எங்கள் வீட்டுக்குப் பின்னால், வாழைக்குலைகளுக்குப் புகை போட்டுப் பழுக்க வைக்கும் சின்ன அறை ஒன்று இருக்கிறது. அதன் கதவைத் திறந்தால் ஒழுங்கை (சந்து) முனை வரைக்கும் கதலிப்பழம் மணக்கும். ஒரு நாள் நான் அதற்குள் போய் நின்றேன். எனக்கு ஒன்றும் மணக்கவில்லை.

சளித் தடிமன் பிடித்திருக்கிறது என்று நினைத்தேன். பிறகு ஒரு நாள் அடுப்பில் பருப்பு கருகி, தோட்டத்தில் நின்ற கணவர் ஓடிவந்து சட்டியை இறக்கினார். நான் அதே அடுப்படியில் நின்று வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன்.

"மூக்கை எங்கை அடகு வைச்சனீர்?" என்று அவர் கேட்டுச் சிரித்தார். நானும் சிரித்தேன். அந்த நாட்களில் என் முகத்துக்குச் சிரிக்கத் தெரிந்திருந்தது.

நான் அச்சுவேலிப் பக்கம் ஒரு பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பித்தவள். கலத்தையும் (உயிரணு) கலமென்சவ்வையும் கரும்பலகையில் எத்தனையோ தடவை கீறியிருக்கிறேன். அப்படிப்பட்டவளுக்கே தன் உடம்புக்குள் என்ன நடக்கிறது என்று பிடிபடவில்லை. அதனால் உங்களுக்குப் பிடிபடவில்லை என்றால் வெட்கப்பட ஒன்றுமில்லை.

பார்க்கின்சன் வந்தவர்களும் அவர்களைப் பார்த்துக்கொள்பவர்களும் இதை வாசிப்பீர்கள் என்று நினைத்துத்தான் எழுதுகிறேன். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வருத்தம் (நோய்) வந்ததும் மனம் கனிந்து எல்லாரையும் மன்னித்துவிட்ட ஒருத்தியின் கதை இது இல்லை. எனக்கு இரண்டு பேரைப் பழிவாங்க வேண்டியிருந்தது. ஒன்று, ஒரு புரதம். மற்றது, என் மச்சாள், அதாவது கணவரின் தமக்கை புவனேஸ்வரி.

மணம் போன பிறகு இடது தோள் இறுகியது. திருவலையில் தேங்காய் திருவும்போது கை பாதியில் களைத்து நின்றது. தோள்மூட்டு வாதம் என்று ஒரு வைத்தியர் பூச மருந்து தந்தார். நாவூறு என்று அயல்வீட்டார் உப்பும் மிளகாயும் சுற்றிப் போட்டார்கள். நடக்கும்போது என் இடது கை வீசாமல் உடம்போடு ஒட்டிக்கொண்டு வருவதை ஒருவரும் கவனிக்கவில்லை. நீங்கள் கவனியுங்கள். உங்கள் வீட்டில் யாராவது ஒரு கையை மட்டும் வீசாமல் நடந்தால் தைலத்தை ஒரு பக்கம் வைத்துவிட்டு நரம்பியல் நிபுணரிடம் கூட்டிப்போங்கள்.

அந்த நாட்களில்தான் மாமனார் செத்தார்.

அவர் எங்களோடுதான் இருந்தவர். படுக்கையில் விழுந்த கடைசி மாதங்களில் அவருக்குக் கஞ்சி பருக்கியதும் முதுகு துடைத்ததும் நான். என்னை வாய் நிறைய "பிள்ளை" என்று கூப்பிடுவார். அவர் போன அன்று எனக்கு நெஞ்சுக்குள் ஏதோ அறுந்து தொங்கியது. ஆனால் அது முகத்துக்கு வரவில்லை.

எங்கள் செத்தவீடுகள் உங்களுக்குத் தெரியும். வெளிவாசல் படலைக்குள் ஒரு பெண் நுழைந்ததும் வீட்டுப் பெண்கள் எழுந்து அவளைக் கட்டிப்பிடித்துக் குழறி அழ வேண்டும். அடுத்தவள் வந்ததும் மறுபடியும் அழ வேண்டும். மச்சாள் தலைவிரிகோலமாகக் கிடந்து அழுதார். நான் வந்தவர்களைக் கட்டிப்பிடித்தபடி நின்றேன். வாய் கோணவில்லை, புருவம் சுருங்கவில்லை. அழ வேண்டும் என்று எனக்குள் நானே கத்திக்கொண்டிருந்தேன். என் கன்னங்கள் வேறு யாருடையவோ போல அசையாமல் இருந்தன.

எட்டுச் செலவு அன்று (இறந்த எட்டாம் நாள் படைத்து உண்ணும் சடங்கு) சொந்தக்காரர் எல்லாரும் பந்தியில் இருந்தார்கள். நான் சோறு போட்டுக்கொண்டு வந்தேன். மச்சாள் எழுந்து நின்றார்.

"பாருங்கோ உவளின்ரை மூஞ்சையை. ஒரு சொட்டுக் கண்ணீர் வந்ததே? எங்கடை ஐயா செத்தது உவளுக்குக் கலியாண வீடு!"

பந்தி அப்படியே நின்றது. நான் பதில் சொல்ல வாயெடுத்தேன். சொற்கள் இருந்தன, அவை வாய்க்கு வந்து சேர நேரம் எடுத்தது. அதற்குள் மச்சாள் இலையை மடித்துவிட்டுப் போய்விட்டார். பதில் சொல்லாதவள் குற்றத்தை ஒப்புக்கொண்டவள் என்று ஊர் எடுத்துக்கொண்டது. அன்றோடு இரண்டு வீட்டுக்கும் நல்லது கெட்டது இல்லை என்று ஆனது.

பிறகு வலது கையின் எழுத்துச் சிறுத்து எறும்பு ஊர்வது போல ஆனது. இடது கைப் பெருவிரல் சும்மா இருக்கும்போது தானாகவே ஆடத் தொடங்கியது. யாழ்ப்பாணத்தில் ஒரு நரம்பியல் வைத்திய நிபுணரிடம் போனோம். இளம் பெண். என்னை நடக்கச் சொன்னார், விரல்களைத் தட்டச் சொன்னார், மணிக்கட்டைப் பிடித்துச் சுழற்றிப் பார்த்தார். பிறகு கதிரையை எனக்குப் பக்கத்தில் இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

"டீச்சர், இது பார்க்கின்சன். மாறாது. ஆனா மருந்து இருக்கு, நல்லாச் சமாளிக்கலாம். கன காலமாச் சிரிக்கிறேல்லை எண்டு வீட்டிலை ஆரும் சொன்னவையே?"

"சிரிக்கிறேல்லை எண்டு ஒருத்தரும் சொல்லேல்லை. அழேல்லை எண்டுதான் சொன்னவை" என்றேன்.

அவர் கதிரையை இன்னும் கிட்ட இழுத்தார். பிறகு சொன்னார், "அது நீங்கள் இல்லை. வருத்தம். முகத் தசையள் அசையிறது குறைஞ்சு போகும். உள்ளுக்கு எல்லாம் இருக்கும், வெளியிலை வராது."

எனக்கு முதலில் வந்தது பயம் இல்லை. அந்த எட்டுச் செலவுப் பந்திதான் கண்ணுக்குள் வந்தது. என் பக்கம் நியாயம் இருந்திருக்கிறது! அதற்கு ஒரு பெயரும் இருந்திருக்கிறது. கோபத்தில் காது இரண்டும் சூடேறின.

யார் இதைச் செய்தது என்று கேட்டேன். வைத்தியருக்கு என் கேள்வி விளங்கியது. ஒரு தாளை எடுத்துப் படம் கீறினார்.

அவர் சொன்னதை என் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சொல்வது போலச் சொல்கிறேன். மூளையின் நரம்புக் கலங்களுக்குள் அல்பா சினுக்கிளின் என்று ஒரு புரதம் இருக்கிறது. எல்லாருக்கும் இருக்கிறது, உங்களுக்கும்தான். கலத்துக்குள் தனியாக மிதக்கும்போது அதற்கென்று நிலையான உருவம் கிடையாது. அவிழ்ந்த நூல் போலக் கிடக்கும். கலத்துக்குள் மென்சவ்வு (கொழுப்பாலான மெல்லிய சுவர்) போர்த்திய சின்னஞ்சிறு பைகள் இருக்கின்றன. டோபமின் (அசைவுக்கான செய்தியை எடுத்துச்செல்லும் பொருள்) அவற்றுக்குள்தான் இருக்கும். இந்தப் புரதம் அந்தப் பைகளின் மென்சவ்வில் போய்ப் படுக்கும்போது சுருளாக உருவம் எடுக்கும். பைகள் தங்கள் சரக்கை ஒழுங்காக வெளியே விடுவதற்கு அது உதவுவதாக நினைக்கிறார்கள்.

இவ்வளவும் நல்லபிள்ளைக் காலத்துக் கதை. சிலருக்கு இந்தப் புரதம் மடிப்புப் பிசகிவிடுகிறது. சுருள வேண்டியது தட்டையாகி ஒன்றோடொன்று ஒட்டுகிறது. ஒட்டியது மற்றதையும் கெடுக்கிறது. சிறு சிறு கூட்டங்களாகச் சேர்ந்து மென்சவ்வில் ஏறி, அதைக் குழப்பி, ஓட்டை போடவும் கூடும். வெளியே நிற்க வேண்டிய கல்சியம் அந்த வழியாக உள்ளே வருகிறது. கலம் தடுமாறுகிறது, கடைசியில் சாகிறது. கெட்ட புரதம் பக்கத்துக் கலத்துக்கும் போய்ச் சேர்கிறது. மணத்தை அறியும் பகுதியை இது பலருக்கு முன்னரே தொட்டுவிடுகிறது. என் கதலிப்பழ மணத்தைக் கொண்டுபோனதும் அதுதான்.

"அப்ப மென்சவ்விலை ஒட்டுறதாலைதான் அது கெட்டுப்போகுதோ?" என்று கேட்டேன்.

"அதைத்தான் டீச்சர் இன்னும் தேடீனம். மென்சவ்விலை ஒழுங்காப் படுத்திருக்கேக்கை அது நல்லாத்தான் இருக்கு. சில நேரங்களிலை அதே மென்சவ்விலை நெருக்கமாச் சேரேக்கை ஒட்டத் தொடங்குது. பெரிசாத் திரண்டு கிடக்கிறது கொலைகாரனோ, இல்லாட்டிக் கெட்டதைக் கலம் ஒரு மூலையிலை ஒதுக்கி வைச்ச குப்பையோ எண்டும் தெரியாது."

எனக்கு அந்தப் பதில் பிடிக்கவில்லை. எனக்குக் குற்றவாளி வேண்டும். வெளியிலிருந்து வந்த கிருமி என்றால் திட்டித் தீர்த்திருப்பேன். இதுவோ என் சொந்த இரத்தத்தில், என் சொந்தச் சோற்றில் உருவாகி, என் வீட்டுக்குள்ளேயே வேலை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு ஒரு நாள் மறுபக்கம் திரும்பிக்கொண்டது.

கணவர் தலையைக் குனிந்தபடி, தோட்டத்துக்கு அடித்த பூச்சிமருந்தாக இருக்குமோ என்று கேட்டார். நானும் அவரோடு நின்று வாளியில் கையால் கலக்கியவள்தான். சில பூச்சிமருந்துகளுக்கும் இந்த வருத்தத்துக்கும் தொடர்பு இருக்கலாம், உங்களுக்கு அதுதான் காரணம் என்று சொல்ல ஏலாது என்றார் வைத்தியர். அன்று மாலை கணவர் தெளிகருவியைத் தூக்கி மாட்டுக்கொட்டிலுக்குப் பின்னால் எறிந்தார். எனக்கு அது போதவில்லை.

புரதத்தை மயிரில் பிடித்து இழுத்து நியாயம் கேட்க முடியாது. மச்சாளைக் கேட்க முடியும். அவர் இரண்டு ஒழுங்கை தள்ளித்தான் இருக்கிறார்.

"நான் போய் அக்காட்டைச் சொல்லுறன். தெரிஞ்சா அவ அழுவா" என்றார் கணவர்.

"ஒரு சொல்லும் போகக் கூடாது. அவ வந்து என்ரை தலையைத் தடவி 'ஐயோ பாவம்' எண்டு சொல்லுறதுக்கோ நான் இவ்வளவு காலம் வாயைப் பொத்திக்கொண்டு இருந்தனான்?"

அவர் பெருமூச்சு விட்டார். நான் இரக்கத்தைக் கேட்கவில்லை. தோல்வியைக் கேட்டேன், மச்சாளின் தோல்வியை.

லெவோடோபா என்ற மருந்தைத் தொடங்கினேன் (மூளைக்குள் போய் டோபமினாக மாறும் மாத்திரை). முதலில் குமட்டியது. பிறகு தோள் இளகியது. ஒரு நாள் கண்ணாடியில் பல் தெரியச் சிரித்துப் பார்த்தேன். பாதிச் சிரிப்பு வந்தது. மாத்திரை வேலை செய்யும் நேரத்தில் நான் பழைய ஆள்; அது இறங்கிய நேரத்தில் களிமண். ஒரே நாளில் இரண்டு பெண்களாக வாழப் பழகினேன்.

இப்படி இருக்கும்போதுதான் மச்சாள் படலையைத் திறந்துகொண்டு வந்தார். கையில் வெற்றிலைத் தட்டு. மகள் தர்சினிக்குக் கலியாணம்.

தாய்மாமனான என் கணவர் இல்லாமல் கலியாணம் நடக்காது என்பதால் வந்திருக்கிறார் என்று எனக்குத் தெரியும். தேத்தண்ணி கொடுத்தேன், குடித்தார். பிறகு என்னைப் பார்க்காமல், சுவரைப் பார்த்துச் சொன்னார், "ஆராத்திக்கு எங்கடை பக்கத்தாலை நீர்தான் நிக்கவேணும். மாமிக்காரி இருக்க வேறை ஆரும் எடுத்தாச் சனம் கதைக்கும்."

ஆராத்தி என்றால், வாழைப்பழத் துண்டுகளில் திரி செருகிக் கொளுத்திய தட்டை இரண்டு சுமங்கலிப் பெண்கள் சேர்ந்து பிடித்து மணமக்களுக்குச் சுற்றுவது. சேலைத் தலைப்புக்குள் என் பெருவிரல் ஆடிக்கொண்டிருந்தது.

"ஓம், வாறன்" என்றேன். கணவர் திகைத்துப்போனார்.

என் திட்டம் இதுதான். எட்டுச் செலவில் என்னைப் பார்த்த அதே கண்களுக்கு முன்னால், அந்தத் தட்டை ஆடாமல் அசையாமல் பிடித்துச் சுற்றி, வாய் நிறையச் சிரித்துவிட்டு வரவேண்டும். அதற்குப் பிறகு படலையைச் சாத்திவிடுவேன்.

அடுப்படியில் வெண்கலத் தட்டில் தண்ணீர் விட்டுப் பழகினேன். சில நாள் ஒரு சொட்டும் சிந்தவில்லை. சில நாள் சேலையெல்லாம் நனைந்தது. மாத்திரை ஒன்றுதான், ஆள் ஒன்றுதான், பிறகு ஏன் இந்த வித்தியாசம்? வைத்தியரிடம் போய்க் கேட்டேன்.

"சிந்தின நாளிலை காலமை என்ன சாப்பிட்டனீங்கள்?"

"உழுந்துத் தோசை. பால் தேத்தண்ணி."

அவர் சிரித்துவிட்டார். லெவோடோபா ஓர் அமினோ அமிலத்தின் சாயல் கொண்டது. உணவுப் புரதம் உடைந்து வரும் அமினோ அமிலங்களும் இந்த மருந்தும் குடலில் இருந்து இரத்தத்துக்கும், இரத்தத்தில் இருந்து மூளைக்கும் கலங்களின் மென்சவ்வில் உள்ள ஒரே வாசலால்தான் போக வேண்டும். உழுந்தும் பாலும் முண்டியடித்துக்கொண்டு உள்ளே போனால் மாத்திரை வாசலில் நிற்கும். எல்லாருக்கும் இப்படி ஆகாது, எனக்கு ஆகிறது. அதனால் மாத்திரையை வெறுவயிற்றில் போட வேண்டும், பருப்பு, பால், உழுந்து எல்லாவற்றையும் பின்னேரத்துக்குத் தள்ள வேண்டும். ஒரேயடியாக விட்டுவிடக் கூடாது, உடம்பு உருகிப்போகும். நீங்களும் உங்கள் வைத்தியரிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

கலியாண நாள் காலை மாத்திரையை வெறுவயிற்றில் போட்டுக்கொண்டு போனேன். மச்சாள் வீட்டு முற்றத்தில் பந்தல். உள்ளே பெண்கள் நிறைந்திருந்தார்கள். நான் நுழைந்ததும் கதை அடங்கியது. மச்சாள் ஒரு கையில் பால் கோப்பியும் மறுகையில் இரண்டு உழுந்து வடையுமாக வந்து எனக்கு முன்னால் நின்றார்.

இது எங்கள் பக்கத்து வழக்கம். கோபம் போட்ட வீட்டுக்குப் போனால் கை நனைக்க வேண்டும். அவர்கள் தருவதை வாயில் வைத்தால்தான் கோபம் தீர்ந்தது என்று அர்த்தம். மச்சாள் என் வீட்டில் தேத்தண்ணி குடித்துத் தன் பங்கை முடித்துவிட்டார். இப்போது முறை என்னுடையது. எல்லாக் கண்ணும் என் கையில்.

என் பழி முழுவதையும் தடுக்க இரண்டு உழுந்து வடை போதும். அதைச் சாப்பிட்டால் தட்டு விழும். சாப்பிடாவிட்டால் நான் சண்டைக்காரி.

"மச்சாள், எனக்கு இப்ப உது ஏலாது. பால் விடாத வெறுந்தேத்தண்ணி எண்டாத் தாங்கோ."

"ஏலாதோ, இல்லாட்டி என்ரை வீட்டிலை ஏலாதோ?" அவர் குரல் உயர்ந்தது. "ஐயாவின்ரை செத்தவீட்டிலை இருந்த அதே மூஞ்சை! நான் வலிய வந்து கூப்பிட்டும் ஒரு மாற்றம் இல்லை. கல்லு!"

காலையில் பதற்றத்தில் முகம் மறுபடி இறுகியிருக்க வேண்டும். நான் சிரித்துக்கொண்டு நிற்பதாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஆனால் இந்தத் தடவை சொற்கள் பிந்தவில்லை. மாத்திரை வேலை செய்யத் தொடங்கியிருந்தது.

"ஓம் மச்சாள், அதே மூஞ்சைதான்" என்றேன். "எனக்குப் பார்க்கின்சன் வருத்தம். மூளைக்குள்ளை ஒரு புரதம் கெட்டுப்போய் நரம்பைக் கொல்லுது. ஐயா செத்த அண்டைக்கே அது என்ரை முகத்தைக் கொண்டு போட்டுது. அழுகை உள்ளுக்கு நிண்டது, வெளியிலை வர வழியில்லை. உந்த வடையைத் திண்டா மருந்து வேலை செய்யாது, உங்கடை மகளின்ரை தலையிலை ஆராத்தித் தட்டு விழும்."

நான் சுற்றி நின்ற பெண்களைப் பார்த்தேன்.

"ஐயாவுக்குக் கடைசி மட்டும் கஞ்சி பருக்கினது ஆர் எண்டு இஞ்சை நிக்கிற எல்லாருக்கும் தெரியும். எட்டுச் செலவிலை இவைக்கு முன்னாலைதான் நீங்கள் எழும்பி நிண்டு கதைச்சனீங்கள். அண்டைக்குச் சொன்னதை இப்ப ஒருக்கால் திருப்பிச் சொல்லுங்கோ பாப்பம்."

மச்சாள் வடையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். கோப்பி அதன்மேல் சிந்தியது. பொய் சொல்ல மாட்டேன், எனக்கு இனித்தது. மணப்பெண் கோலத்தில் கதவடியில் நின்ற தர்சினி, "அம்மா, மாமிக்கு வெறுந்தேத்தண்ணி குடுங்கோ" என்றாள். ஒருத்தி ஓடிப்போய் ஊற்றிக்கொண்டு வந்தாள். குடித்தேன்.

தாலி ஏறிய பிறகு ஆராத்திக்குக் கூப்பிட்டார்கள். மறுபக்கம் தட்டைப் பிடித்தவர் மாப்பிள்ளையின் பெரியம்மா, பருத்த, நிதானமான மனுசி. யாரோ பின்னால் இருந்து என் முழங்கையைத் தாங்க வந்தார்கள். "விடுங்கோ" என்றேன். கை கொஞ்சம் ஆடியது. திரிகள் ஆடின, ஆனால் அணையவில்லை, ஒரு துண்டுப் பழமும் சரியவில்லை. மூன்று தரம் சுற்றி முடித்தோம். தர்சினி என்னைப் பார்த்துச் சிரித்தாள். நானும் சிரித்தேன். அது முகத்துக்கு வந்து சேர்ந்ததா என்று எனக்குத் தெரியாது.

பந்தி தொடங்கியதும் நான் பந்தலின் ஓரத்தில் ஒரு கதிரையில் இருந்தேன். மச்சாள் வந்து பக்கத்தில் இருந்தார். கண் சிவந்திருந்தது. கொஞ்ச நேரம் தன் சேலைக் கரையை மடித்து விரித்தார்.

"எனக்குத் தெரியாது, சாந்தி. தெரிஞ்சிருந்தா அந்தச் சொல்லைச் சொல்லியிருப்பனே? ஐயா மேலை உமக்கு உயிர் எண்டு எனக்குத் தெரியும். அண்டைக்கு விசர்க் கதை கதைச்சுப்போட்டன்." என் ஆடும் கையைப் பிடித்துக்கொண்டார். "இன்னும் என்னிலை கோவமே?"

இந்த வருத்தம் வந்த நாளில் இருந்து என் உடம்பும் நேரமும் எனக்குச் சொந்தமில்லை. ஒரு பொத்தானைப் பூட்டவும் ஒரு வாசலைத் தாண்டவும் ஒரு சொல்லைச் சொல்லவும் நான் உள்ளுக்குள் அனுமதி கேட்டு நின்றிருக்கிறேன். ஆட்கள் கேள்வி கேட்டுவிட்டு, என் பதில் வருவதற்குள் எழுந்து போய்விடுவார்கள். இப்போது மச்சாள் போகவில்லை. எனக்குப் பேச நேரம் எடுக்கும் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. பொறுமையாக, கண்ணை எடுக்காமல், பதில் வரும் என்று என் முகத்தைப் பார்த்தபடி இருந்தார்.

மருந்து நன்றாகத்தான் வேலை செய்துகொண்டிருந்தது. பதிலும் நாக்கு நுனியில் இருந்தது. பக்கத்துப் பந்தியில் பாயாசம் ஊற்றிக்கொண்டு வந்தார்கள். நான் வாயைத் திறக்கவில்லை. கொஞ்ச நேரம் அவர் காத்திருக்கட்டும் என்று விட்டேன்.